இயற்கைத் தேர்வு மாதிரிகள்: நாம் போடும் எண்தானே திரும்பி வருகிறது?

கடலாமை:

உயிரியல் என் தொழில் இல்லை, நிரல் எழுதுவதுதான் வேலை. அண்மையில் தொகை மரபியல் படிக்க ஆரம்பித்து, பாடப் புத்தகங்களில் முதலில் வரும் மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மரபணு, அதற்கு இரண்டு வடிவங்கள். ஒன்று மற்றதைவிட 1 சதவீதம் கூடுதலாகச் சந்ததி தரும், அதாவது தேர்வுக் கெழு 0.01. ஓட்டியதும் புத்தகத்தில் உள்ள அதே வளைகோடு வந்தது. முதலில் தரையோடு ஊர்கிறது, நடுவில் விறுவிறுவென ஏறுகிறது, உச்சிக்குப் போனதும் தட்டையாகிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. எது ஜெயிக்க வேண்டும் என்பதை உள்ளே போட்டவன் நான்தான். அதுவே ஜெயித்தது. இதில் இயற்கை எங்கே வந்தது? தகுதியானது பிழைக்கும் என்கிறார்கள். எது தகுதியானது என்று கேட்டால், எது அதிகம் பிழைத்துச் சந்ததி விட்டதோ அது என்கிறார்கள். மாதிரியும் இதே வட்டத்தைத்தான் எண்களால் சுற்றுகிறதோ என்று படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்மினி:

டார்வின் வாதத்துக்கு இந்த எண் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் இனத்தின் உயிரிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. எத்தனை பிள்ளைகள் பிழைக்கின்றன என்பது அந்த வேறுபாட்டைப் பொறுத்து மாறுகிறது. இந்த மூன்றும் உண்மையானால் தலைமுறைக்குத் தலைமுறை கூட்டத்தின் கலவை மாறித்தான் ஆக வேண்டும். மூன்றையும் தனித்தனியே சோதிக்கலாம், மூன்றில் எதுவும் பொய்யாகப் போகலாம். அப்படி இருக்கும்போது இதில் வட்டம் எங்கே இருக்கிறது?

கடலாமை:

மூன்று நிபந்தனைகளும் எனக்குச் சரிதான் மின்மினி. என் கேள்வி மாதிரியைப் பற்றியது. சொல்லாலேயே வாதம் முடிந்துவிடுகிறது என்றால் கணக்கு எதற்கு?

நெடுங்கணக்கு:

சொல்லால் முடியவில்லை என்பதுதான் வரலாறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டார்வின் நூல் 1859இல் வந்தது. 1867இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் ஒரு மதிப்புரை எழுதினார். பெற்றோரின் பண்புகள் பிள்ளையில் கலந்து சராசரியாகிவிடும் என்பதுதான் அன்று பலருடைய நம்பிக்கை. அது உண்மையானால், எவ்வளவு நல்ல புதுப் பண்பு தோன்றினாலும் அடுத்த தலைமுறையில் பாதி, அதற்கடுத்ததில் கால் என்று கரைந்துபோகும் என்றார் அவர். இன்றைய கணக்கில் சொன்னால், கலப்பு மரபில் கூட்டத்தின் வேறுபாட்டு அளவு தலைமுறைக்குப் பாதியாகக் குறையும். தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது. டார்வினிடம் இதற்கு உறுதியான பதில் இல்லை. மின்மினி சொன்ன மூன்று நிபந்தனைகளும் அப்படியே இருந்தன. ஆனாலும் இரண்டாவது நிபந்தனை எந்த வகை மரபால் நிறைவேறுகிறது என்பதைப் பொறுத்து, முழுக் கொள்கையும் நிற்கலாம், விழலாம்.

பதில் 1866இலேயே மெண்டலின் பட்டாணிச் செடிகளில் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மரபணுக்கள் கலப்பதில்லை, அப்படியே கைமாறுகின்றன. 1908இல் கணித அறிஞர் ஹார்டியும் மருத்துவர் வீன்பெர்க்கும் தனித்தனியே இதைக் கணக்காக்கிக் காட்டினார்கள்: தேர்வு, சடுதி மாற்றம், இடப்பெயர்வு, தற்செயல் எதுவும் இல்லாமல், யாரோடு யார் இணை சேர்வது என்பதிலும் எந்தச் சாய்வும் இல்லாவிட்டால், மரபணு வடிவங்களின் விகிதம் எத்தனை தலைமுறை போனாலும் மாறாது. ஒன்றுமே நடக்காது என்று சொல்லும் ஒரு மாதிரி எதற்கு என்று தோன்றும். எனக்கு இந்தத் துறையிலேயே அதிகம் பிடித்த முடிவு இதுதான். வேறுபாடு தானாகக் கரையாது என்பதற்கு அதுவே சான்று. ஜென்கினின் தடை அங்கே விலகுகிறது. அதோடு ஒரு சுழிக்கோடும், அதாவது மாற்றத்தை ஒப்பிட்டு அளக்க ஓர் அடிக்கோடும், கிடைக்கிறது. விகிதம் மாறினால் ஏதோ ஒன்று அதை மாற்றுகிறது என்று அதற்கப்புறம்தான் தைரியமாகச் சொல்ல முடிந்தது. பிறகு தொகை மரபியலை உருவாக்கிய ஃபிஷர், ஹால்டேன், ரைட் மூவரும் அந்தக் கோட்டின் மேல்தான் கட்டினார்கள்.

இப்போது உங்கள் 0.01க்கு வருகிறேன். எது ஜெயிக்கும் என்பதை நீங்கள் போட்டீர்கள், சரி. எவ்வளவு நேரத்தில் என்று போட்டீர்களா? கூட்டத்தில் 1 சதவீதமாக இருக்கும் வடிவம் 99 சதவீதமாக, ஒற்றை நகல் உயிரியில் (ஒவ்வொரு மரபணுவும் ஒரே ஒரு பிரதியாக இருப்பது) சுமார் 920 தலைமுறை பிடிக்கும். கெழுவை 0.1 ஆக்கினால் நூற்றுக்கும் குறைவு. இன்னொன்று பாருங்கள். அதே 1 சதவீத நன்மை உள்ள சடுதி மாற்றம் ஒரு பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு உயிரியில் புதிதாகத் தோன்றுகிறது என்று வையுங்கள். அது கடைசியில் கூட்டம் முழுக்கப் பரவ வாய்ப்பு என்ன? 1927இல் ஹால்டேன் போட்ட கணக்குப்படி கெழுவின் இரு மடங்கு, அதாவது சுமார் 2 சதவீதம். நூறு முறை தோன்றினால் ஏறக்குறைய 98 முறை, நல்லது என்றாலும், தொடக்கத்திலேயே தற்செயலால் தொலைந்துபோகும். இதை யாரும் முன்கூட்டி உள்ளே போடவில்லை. உங்கள் நிரலில் தற்செயல் இல்லாததால் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கடலாமை:

98 சதவீதம் தொலையும் என்பது நான் எதிர்பார்க்காத எண். தற்செயலைச் சேர்த்து மறுபடி ஓட்டுகிறேன். ஆனாலும் 0.01 எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே?

தும்பிக்கண்:

அந்தக் கேள்விக்குப் பதில் கணினியில் கிடைக்காது, வெளியே போய் அளக்க வேண்டும். அளந்த கதைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொதுவாக வெளிர் நிறம், மேலே கறுப்புப் பொடி தூவியது போல இருக்கும். 1848இல் மான்செஸ்டரில் முழுக் கறுப்பு வடிவம் பதிவானது. நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வட்டாரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. 1924இல் ஹால்டேன் இந்த வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டார்: இவ்வளவு சீக்கிரம் பரவ வேண்டுமானால் கறுப்பு வடிவம் வெளிரைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாகச் சந்ததி விட்டிருக்க வேண்டும். இயற்கையில் தேர்வு அத்தனை வலுவாக இருக்கும் என்று அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இங்கே கடலாமையின் சந்தேகம் முழுக்கச் சரி. அந்த எண் விகித மாற்றத்திலிருந்தே எடுத்தது. அதை வைத்து விகித மாற்றத்தை விளக்கினால் அது சுற்றி வருவதுதான். காய்ச்சலளவி சூட்டின் அளவைச் சொல்லும், எந்தக் கிருமி என்று சொல்லாது. ஹால்டேனின் எண்ணும் அப்படித்தான். காரணத்தைத் தனியே, வேறு வழியில் அளக்க வேண்டும்.

1950களில் கெட்டில்வெல் என்ற பூச்சி ஆய்வாளர் அளந்தார். பறவைகள்தான் தின்கின்றன, புகை படிந்த மரத்தில் வெளிர் பூச்சி எடுப்பாகத் தெரிகிறது என்று காட்டினார். அவர் முறையில் குறைகள் சொல்லப்பட்டன. இயல்பைவிட நெருக்கமாகப் பூச்சிகளை விட்டார், பகலில் விட்டார், அவை தாமாக உட்காரும் இடமா என்று பார்க்காமல் அடிமரத்தில் வைத்தார். எல்லாமே நியாயமான ஆட்சேபங்கள்.

இதைச் சரிசெய்யத்தான் மைக்கேல் மஜெரஸ் என்ற மரபியலாளர் 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜ் அருகே ஏழு ஆண்டு உழைத்தார். மரம் ஏறி ஏறி, பூச்சிகள் தாமாக எங்கே உட்காருகின்றன என்று முதலில் பார்த்தார். ஏறக்குறைய பாதி பக்கக் கிளைகளில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிமரத்தில். அப்புறம் மாலையில் கிளையைச் சுற்றி வலைக்கூண்டு கட்டி உள்ளே ஒரு பூச்சியை விடுவார். இரவெல்லாம் அது தனக்குப் பிடித்த இடத்தில் அமரட்டும் என்று விட்டுவிட்டு, விடியும்போது கூண்டை எடுத்துவிடுவார். நான்கு மணி நேரம் கழித்து இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்ப்பார். தொலைநோக்கியில் பறவைகள் கொத்துவதையும் நேரில் பார்த்துக் குறித்தார். இப்படி 4864 பூச்சிகள். அதற்குள் காற்று தூய்மையாகி, மரங்கள் பழையபடி வெளுத்திருந்தன. இப்போது கறுப்புக்குத்தான் ஆபத்து. பறவைக்குப் பலியானதை மட்டும் கணக்கிட்டதில் கறுப்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 சதவீதப் பாதகம். நாட்டில் கறுப்பு வடிவம் அருகி வந்த வேகத்தை விளக்க அது போதுமானதாக இருந்தது.

அவர் 2009இல் இறந்துவிட்டார். சக ஆய்வாளர்கள் அந்தத் தரவை 2012இல் வெளியிட்டார்கள். கூண்டைத் திறந்து எண்ணிய எண்ணும், ஆண்டுக்கணக்கில் பொறியில் விழுந்த பூச்சிகளின் விகிதமும் இரண்டு வேறு அளவீடுகள். இரண்டும் பொருந்தாமலும் போயிருக்கலாம். பொருந்தின.

விதைநெல்:

அந்துப்பூச்சி நல்ல எடுத்துக்காட்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் அதையே சொல்வதற்குக் காரணம், இப்படி முழுமையாக அளந்தவை குறைவு என்பதுதான். பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு மரபணு வடிவம் ஓரிடத்தில் அதிகமாக இருக்கிறது, உடனே அது எதற்கு உதவியிருக்கும் என்று ஒரு கதை கட்டுகிறார்கள். 1968இல் ஜப்பானிய மரபியலாளர் கிமுரா எழுதியதை மறந்துவிடக் கூடாது. மூலக்கூறு அளவில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பகுதிக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. தற்செயலால் பரவுகின்றன, தற்செயலால் மறைகின்றன. எதற்குக் காரணம் கேட்பதற்கு முன்னும், காரணமே தேவையில்லாமல் இது வந்திருக்குமா என்று கேட்க வேண்டும். நெடுங்கணக்கு சொன்ன சுழிக்கோடு ஹார்டி-வீன்பெர்க்கோடு முடியவில்லை, கிமுராவின் இந்த நடுநிலை மாதிரிதான் இன்றைக்கு உண்மையான சுழிக்கோடு.

அப்புறம், தேர்வு ஒரு விசை போலத் தள்ளுகிறது என்று பேசுகிறோமே, அதுவும் எனக்கு உடன்பாடில்லை. தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒரு பறவை ஒரு பூச்சியைத் தின்கிறது, இன்னொன்று தப்புகிறது. இவற்றின் மொத்தக் கணக்குக்குத் தேர்வு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நெடுங்கணக்கு:

நடுநிலை மாதிரி பற்றிச் சொன்னதில் முழு உடன்பாடு. கதை கட்டுவது பற்றியும். ஆனால் அளந்தவை குறைவு என்பதால் சும்மா விட்டுவிட முடியாது, முன்கூட்டியே கணித்துச் சரியாக வந்தவையும் உண்டு.

பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். நடுத்தரத் தரைஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்துவிட்டு விடுவார்கள். யாருடைய குஞ்சு யார் என்பதும் தெரியும். ஆகவே பெற்றோர் அலகும் பிள்ளை அலகும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற மரபுவழி விகிதம் பஞ்சத்துக்கு முன்பே கையில் இருந்தது. 1977இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோய், நெருஞ்சி இனச் செடி ஒன்றின் முள்ளுக்காய்தான் மிஞ்சியது. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். கூட்டத்தில் சுமார் 85 சதவீதம் செத்துப்போனது. பிழைத்தவற்றின் சராசரி அலகு தடிப்பு, பழைய சராசரியைவிடக் கூடுதல்.

இங்கே வரும் மாதிரி ஒரே ஒரு பெருக்கல்தான். பிழைத்தவற்றுக்கும் பழைய கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மரபுவழி விகிதத்தால் பெருக்கினால், அடுத்த தலைமுறை எவ்வளவு நகரும் என்று வரும். மழை திரும்பி, அடுத்த ஆண்டு குஞ்சு பொரித்து வளர்ந்தபோது அளந்தார்கள். கணக்கு சொன்ன அளவுக்கு ஒட்டியே தடித்திருந்தது. பிறக்காத குருவிகளின் அலகைப் பற்றி மாதிரி முன்கூட்டிச் சொன்னது. மாதிரி என்பது நடந்து முடிந்ததை எழுதிவைக்கும் கணக்குப்புத்தகம் மட்டும் என்றால் அதனால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

கடலாமை:

இது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. அந்த மாதிரி அடுத்த பத்தாண்டைச் சொல்லுமா?

நெடுங்கணக்கு:

சொல்லாது. 1982-83இல் எல் நினோ வந்து கொட்டித் தீர்த்தது. சின்ன விதைகள் பெருகின. அடுத்து வந்த வறட்சியில் சிறிய அலகுக்காரர்கள் மேலானார்கள், போன திசைக்கு நேர் எதிர். மழை எப்படிப் பெய்யும் என்பது மாதிரிக்கு வெளியே இருக்கிறது. உங்கள் நிரலில் 0.01 ஆயிரம் தலைமுறையும் மாறாமல் நிற்பதுதான் அதன் மிகப் பெரிய கற்பனை.

மின்மினி:

மழை மாற வேண்டும் என்றுகூட இல்லை. கூட்டமே தன் தேர்வுக் கெழுவை மாற்றிவிடும். தாங்கனிக்கா ஏரியில் மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்னும் ஒரு மீன் உண்டு. சிலவற்றுக்கு வாய் இடப்பக்கம் கோணல், சிலவற்றுக்கு வலப்பக்கம். வாய் கோணியிருக்கும் பக்கத்தைப் பொறுத்து, ஒரு வகை இரையின் இடது விலாவையே தாக்கும், மற்றது வலது விலாவையே. இரை மீன் எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் அடி வாங்குகிறதோ அந்தப் பக்கம் உஷாராக இருக்கும். ஆகவே எந்த வகை பெருகுகிறதோ அதற்கு இரை கிடைப்பது குறையும், அரிதான வகைக்கு லாபம். மிச்சியோ ஹோரி 1993இல் வெளியிட்ட தரவில் இரண்டு வகைகளும் பாதிக்குப் பாதி என்ற அளவைச் சுற்றியே ஆண்டுக்காண்டு மேலும் கீழும் ஆடின. எது தகுதியானது என்று கேட்டால், இந்த ஆண்டு எது குறைவோ அது. தகுதி அந்த மீனின் உடலில் மட்டும் இல்லை.

விதைநெல்:

அருமையான எடுத்துக்காட்டு. 1932இல் ரைட் வரைந்த மலைமுகடு படத்தை (அதில் உயரம்தான் தகுதி), கூட்டம் ஏதோ நிலையான மலையில் ஏறுவது போலப் பாடங்களில் காட்டுகிறார்கள். இந்த மீன்களுக்கு மலை நிற்பதே இல்லை, ஏற ஏறக் காலடியில் தாழ்கிறது.

தும்பிக்கண்:

கடலாமை, உங்களுக்கு நிரல் கைவந்த கலை என்பதால் ஒரு யோசனை. தேர்வுக் கெழுவை உள்ளிடவே வேண்டாம். அந்த வரியை அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பூச்சிகளையும் பறவைகளையும் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு நிறம், அது அமரும் மரப்பட்டைக்கு ஒரு நிறம். இரண்டுக்கும் வித்தியாசம் கூடக் கூடப் பறவை கண்ணில் படும் வாய்ப்பு கூட வேண்டும். பறவைக்கு வயிறு நிறைந்தால் நிறுத்திக்கொள்ளட்டும். தலைமுறை முடிவில் எண்ணுங்கள், அந்த எண்ணிக்கையிலிருந்து கெழுவை நீங்களே கண்டுபிடியுங்கள். மஜெரஸ் கூண்டைத் திறந்து செய்த அதே வேலை.

கடலாமை:

செய்துவிட்டேன், பதில் எழுதத் தாமதமானதற்கு அதுதான் காரணம். பட்டை வெளிர், பறவைகளின் எண்ணிக்கை நிலையானது.

மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, கறுப்புக்குப் பாதகமான ஒரு கெழு தானாகவே வெளியே வருகிறது, நான் எங்கும் அதை எழுதவில்லை. இரண்டு, விதிகளை மாற்றாமல் பூச்சிகளை மட்டும் பல மடங்காக்கினால் கெழு சிறுத்துவிடுகிறது. பறவைகள் வயிறு நிறைந்து நிறுத்திவிடுவதால் பெரும்பாலான பூச்சிகளைச் சோதிக்கவே ஆள் இல்லை. மூன்றாவதுதான் புரியவில்லை. சின்னக் கூட்டமாக ஓட்டினால், சில ஓட்டங்களில் கறுப்பே முழுக்கப் பரவிவிடுகிறது! பறவைக்கு அதுதான் பளிச்சென்று தெரிகிறது, விதியில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனாலும் வெளிர் அழிந்து கறுப்பு நிற்கிறது. அந்த ஓட்டத்தில் கறுப்புதான் தகுதியானது என்று சொல்ல வேண்டுமா?

நெடுங்கணக்கு:

வேண்டாம். நீங்கள் முதல் பதிவில் கேட்ட வட்டத்துக்கான பதில் உங்கள் மூன்றாவது முடிவில்தான் இருக்கிறது.

தகுதி என்பது எத்தனை பிழைத்தன என்ற எண்ணிக்கையே என்றால், அந்த ஓட்டத்தில் கறுப்பைத் தகுதியானது என்று சொல்லியே ஆக வேண்டும். ஆனால் உங்களுக்கே அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் பறவையின் கண் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதே விதியோடு பல நூறு முறை ஓட்டுங்கள். சராசரியில் கறுப்பு பின்தங்கும். அந்தச் சராசரி எதிர்பார்ப்புதான் தகுதி. ஒவ்வொரு ஓட்டமும் அந்தச் சராசரியிலிருந்து சிதறுவது தற்செயல், கூட்டம் சிறுக்கச் சிறுக்கச் சிதறல் கூடும். 1979இல் சூசன் மில்ஸ், ஜான் பீட்டி என்ற இரு தத்துவ அறிஞர்கள் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்: தகுதி என்பது ஒரு சூழலில் உயிரிக்கு இருக்கும் நாட்டம், அதாவது இத்தனை சந்ததி விடக்கூடும் என்ற உள்ளார்ந்த வாய்ப்பு, நடந்து முடிந்த எண்ணிக்கை அல்ல. தகுதி குறைந்தது சில சமயம் ஜெயிக்கும் என்று பொருளோடு சொல்ல முடிகிறது என்றால், தகுதியும் ஜெயிப்பதும் ஒன்றில்லை.

விதைநெல்:

ஒன்றைச் சேர்க்கிறேன். கணினியில் நூறு முறை ஓட்டலாம், இயற்கை ஒரு முறைதான் ஓட்டுகிறது. அதனால்தான் ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளரின் சோதனையை நான் பெரிதாக மதிக்கிறேன். 1988இல் ஒரே இ. கோலை பாக்டீரியாவிலிருந்து 12 குடுவைகள், ஒரே உணவு, தினமும் புதுக் குடுவைக்கு மாற்றம். பன்னிரண்டும் முன்னோரைவிட வேகமாகப் பெருகக் கற்றுக்கொண்டன, அது சராசரி. ஆக்சிஜன் இருக்கும்போதே சிட்ரேட்டை உண்ணும் திறன், 31,000 தலைமுறைக்கு மேல் கடந்தபின், ஒரே ஒரு குடுவையில்தான் வந்தது. அது சிதறல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிற அபூர்வமான இடம் அது.

கடலாமை:

அப்படியானால் அடுத்து நான் செய்ய வேண்டியது, ஒரே விதியை நூறு ஓட்டம் ஓட்டிச் சராசரியையும் சிதறலையும் தனித்தனியே வரைவது. பிறகு பட்டையின் நிறத்தை மெல்ல மெல்லக் கறுப்பாக்கிக்கொண்டே போய், எந்த இடத்தில் கெழு குறி மாறுகிறது என்று பார்ப்பது. நிரலை இங்கேயே இடுகிறேன். தும்பிக்கண், பறவை ஒரு நிறத்தை அடிக்கடி பார்த்தால் அதையே தேடிப் பழகும் என்று எங்கோ படித்தேன். அதைச் சேர்த்தால் மின்மினி சொன்ன மீன் கதை பூச்சியிலும் வருமா?

தும்பிக்கண்:

வரலாம். பழகும் வேகத்தை எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த வேகத்தை மட்டும் ஊகமாகப் போடாதீர்கள், கூண்டுப் பறவைகளை வைத்து அளந்த ஆய்வுகள் இருக்கின்றன. நிரலை இடுங்கள், நானும் ஓட்டிப் பார்க்கிறேன்.